அடிப்பக்கம் இல்லாத திரை

கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் பட்டியல் தானாக உண்டானதன்று. எவரோ ஒருவர் அமர்ந்து எழுதிய நிரல் அது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய நிரல்களை எழுதும் பணியில் இருக்கின்றனர். குர்ஆன், ஹதீஸ், தொழுகை நேரம் ஆகியவற்றுக்கான செயலிகளும் பெருகிவிட்டன. ஆகவே இந்தப் பட்டியல் இயங்கும் விதத்தைப் பெற்றோராகிய நாமும் அறிந்திருப்பது நல்லது.

திரையில் ஒரே நேரத்தில் ஏழெட்டு உருப்படிகளே தெரியும். ஆயிரம் உருப்படிகளுக்கு ஆயிரம் பெட்டிகளை உருவாக்கினால் கைப்பேசி திணறிவிடும். எனவே ஒரு திரைக்குச் சற்றுக் கூடுதலான பெட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே மறைந்த பெட்டியைக் கீழே கொணர்ந்து அதில் புதிய செய்தியை நிரப்புகிறார்கள். ஆண்ட்ராய்டில் 2014-இல் அறிமுகமான ரீசைக்ளர்வியூ செய்யும் வேலை இதுவே. விலை குறைந்த கைப்பேசியும் தடையின்றி ஓட உதவும் நல்ல பொறியியல் இது. இதில் நாம் குறை காண ஒன்றுமில்லை.

குறை அடுத்த படியில் இருக்கிறது. சர்வரிலிருந்து இருபது உருப்படிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். படிப்பவர் பதினைந்தாவதை நெருங்கும்போதே, அவர் கேளாமலே, அடுத்த இருபது வந்து சேர்கின்றன. அடியை எட்டுவதற்குள் அடி இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. முன்பு ‘அடுத்த பக்கம்’ என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்துமுன் போதுமா, இன்னும் வேண்டுமா என்று எண்ண ஒரு நொடி கிடைத்தது. அகற்றப்பட்டது அந்த நொடிதான். 2006-இல் இம்முறையை வடிவமைத்த அஸா ராஸ்கின், படிப்பவரின் சிரமத்தைக் குறைக்கவே அதைச் செய்தார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தவும் செய்தார்.

முடிவு வைப்பது இயலாத காரியமா? இன்ஸ்டாகிராம் 2018-இல், இரண்டு நாள் பதிவுகளைப் பார்த்து முடித்தவருக்கு ‘அனைத்தையும் பார்த்துவிட்டீர்கள்’ என்று அறிவித்தது. 2020-இல் அந்த அறிவிப்புக்குக் கீழேயே பரிந்துரைப் பதிவுகளை அடுக்கத் தொடங்கியது! கூகுள் தன் தேடல் முடிவுகளில் கொண்டுவந்த தொடர் உருட்டலை 2024-இல் தானே விலக்கிக்கொண்டது. ஆக, வைப்பதும் எடுப்பதும் செய்பவரின் விருப்பமே.

‘பயான் காணொளிதானே, ஓடட்டும்’ என்று நம்மில் சிலர் கூறுவதுண்டு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பிள்ளை பழைய பாடத்தை மீட்டி ஓதவேண்டிய நேரத்தை ஒன்பதாவது பயான் துண்டு விழுங்கினாலும் இழப்பு இழப்புதான். உள்ளடக்கம் நல்லது என்பதால் கருவியின் இயல்பு மாறிவிடாது.

நமக்குப் பெரிதும் கவலை தருவது ஹிஃப்ழ் செய்யும் பிள்ளைகளின் நிலை. மதீனாவில் மன்னர் ஃபஹத் அச்சகம் வெளியிடும் முஸ்ஹஃப் 604 பக்கங்கள் கொண்டது. பக்கத்துக்குப் பதினைந்து வரிகள். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு நிறைவுறும். வசனம் வலப்பக்கத்திலா இடப்பக்கத்திலா, மேல்வரியிலா கீழ்வரியிலா என்ற இடமும் ஓதுபவரின் மனத்தில் பதிகிறது. மனனம் முடியும்வரை முஸ்ஹஃபை மாற்றாதே என்று உஸ்தாதுகள் வற்புறுத்துவது இதனால்தான். உருளும் பட்டியலிலோ வசனத்துக்கு நிலையான இடமே இல்லை. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் எல்லாம் நகர்ந்துவிடுகின்றன. தமிழாக்கத்தை வாசிக்க உருட்டல் வசதியானதே. அதை நாம் மறுக்கவில்லை. மனனத்துக்கு அது உதவாது.

செயலி செய்யும் நம் இளைஞர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. மூலத்தில் பக்கம் இருந்தால் திரையிலும் பக்கம் இருக்கட்டும். விட்ட இடத்தைத் திரையின் உயரத்தைக் கொண்டு குறிக்காமல் அத்தியாய எண்ணையும் வசன எண்ணையும் கொண்டு குறியுங்கள். பயான் பட்டியலில் அடுத்த தொகுப்பை வாசகர் பொத்தானை அழுத்திக் கேட்ட பின்னரே கொண்டுவாருங்கள்.

பெற்றோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மேற்சொன்ன மதீனா முஸ்ஹஃபில் யாஸீனின் 83-ஆம் வசனம் 445-ஆம் பக்கத்தின் கடைசியில் முடிகிறது. அந்த முஸ்ஹஃபில் ஓதும் உங்கள் பிள்ளையின் செயலியில் அது எங்கே முடிகிறது?