ஆயாக்கொட்டகையும் பாலர் பள்ளியும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், பெற்றோர் விடியுமுன்பே பால்மரம் வெட்டச் சென்றுவிடுவர். சிறு பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் விடப்படுவர். பசியாறவும் ஏணையில் உறங்கவும் அங்கு வழி இருந்தது, கற்க வழியில்லை. பலர் பென்சிலை முதன்முதலாகத் தொட்டதே முதலாம் ஆண்டில்தான்.

இன்று நிலைமை மாறியுள்ளது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பள்ளியைத் தேசியக் கல்வி முறையின் அங்கமாக்கியது. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் பாலர் வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆயினும், “எழுத்துகளை முதலாம் ஆண்டில் படித்துக்கொள்ளலாமே, அதற்குள் என்ன அவசரம்?” என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கின்றனர்.

இக்கேள்விக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கப்பட்ட பெரி பாலர் பள்ளி ஆய்வு விடையளிக்கிறது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு மட்டும் பாலர் கல்வி வழங்கப்பட்டது. தொடக்கத்தில் அவர்களின் நுண்ணறிவுப் புள்ளிகள் உயர்ந்தன. ஆனால், சில ஆண்டுகளில் அந்த வேறுபாடு மறைந்தது. பெற்றோரின் ஐயம் சரிதான் எனத் தோன்றலாம். எனினும், 40 வயதில் அவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, பாலர் கல்வி பெற்றவர்களே இடைநிலைக் கல்வியை அதிகமாக முடித்திருந்தனர். கூடுதல் வருமானமும் ஈட்டினர்.

அப்படியானால் நிலைத்தது எது? முந்திக் கற்ற எழுத்துகள் அல்ல. அப்பள்ளியில் குழந்தைகள் தம் விளையாட்டைத் தாமே திட்டமிட்டனர், செய்தனர், பின்னர் அதைப்பற்றிப் பேசினர். ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடு தேடிச் சென்று தாய்மாரையும் கற்றலில் இணைத்தனர். தொடங்கியதை முடிக்கும் பழக்கமும் பள்ளியின் மீது ஏற்பட்ட பற்றுமே அவர்களுக்குத் துணைநின்றிருக்க வேண்டும்.

ஒரு சிறிய ஆய்வை எல்லா நாட்டுக்கும் அளவுகோலாகக் கொள்ள இயலாது. ஆயினும், அது உணர்த்தும் பாடம் மலாக்காவுக்கும் பொருந்தும். பாலர் வகுப்பு வெறும் எழுத்துப் பயிற்சிக் கூடமாகிவிடக் கூடாது. தோட்டப்புறப் பிள்ளைகள் நகரத்து வகுப்புக்குச் செல்லப் போக்குவரத்து வசதி வேண்டும். தொழிற்சாலையில் வேலை முடித்துத் திரும்பும் பெற்றோரும் பிள்ளையிடம், “இன்று என்ன செய்தாய்?” என்று கேட்டுப் பொறுமையாகச் செவிமடுக்க வேண்டும். அன்று ஆயாக்கொட்டகை பிள்ளைகளைப் பாதுகாத்தது. இன்று பாதுகாப்பு மட்டும் போதாது. கற்கும் ஆர்வமும் அந்த வயதிலேயே வேரூன்ற வேண்டும்.