வழிப்போக்கரின் உரிமையும் வழியின் உரிமையும்

ஒருவரைப் பற்றி நற்சாட்சி கூற வந்த மனிதரிடம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மூன்று செய்திகளை வினவினார்கள் என்று வரலாறு கூறுகிறது. அவருக்கு அண்டை வீட்டாராக வாழ்ந்ததுண்டா, அவரோடு பணக் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா, அவரோடு பயணம் போனதுண்டா என்பனவே அம்மூன்று. எதற்கும் ஆம் என்னும் விடை வராமற்போகவே, அம்மனிதரை இவர் அறியவே இல்லை என்று கூறிச் சாட்சியத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்னும் அரபுச் சொல்லின் வேருக்குத் திரை விலக்குதல் என்னும் பொருளும் உண்டு. வீட்டிலும் வீதியிலும் மறைந்து கிடக்கும் குணம் பயணத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. இதனாலன்றோ இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம்முடைய இஹ்யாவில் பயண ஒழுக்கங்களுக்கெனவே தனியொரு பகுதியை வகுத்துத் தந்தார்கள்!

விடுமுறை வந்துவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் பதின்மருமாகக் கூடி, மோட்டார் சைக்கிள்களில் நீலகிரிக்குப் புறப்பட்டு விடுகின்றனர். இறைவன் படைத்த பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறையே நம்மைப் பல இடங்களில் அழைக்கிறது. ஆதலால் மலையைக் காணச் செல்வது குற்றமன்று. எவ்வாறு செல்கிறோம், வழியில் எதிர்ப்படும் அறியாத மனிதரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே கேள்வி.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகையோ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. சுமார் 50 கிலோமீட்டருக்குள் இத்தனை ஏற்றத்தையும் ஏறியாக வேண்டும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையிலோ 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிச் செயலிழக்கும் என்பதையும், தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பதையும் மலைவாழ் ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிவர். குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி நின்று, ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டின் சாலை விதி. சுமையோடு ஏறுகிறவனுக்கு, எளிதாக இறங்குகிறவன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் இந்த விதியில் ஒரு பெரும் ஒழுக்கப் பாடமே அடங்கியிருக்கிறது அல்லவா?

நாயகத் தோழர்கள் மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் மொழிந்து சென்றதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உயரம் ஏறுகையில், நம்மினும் உயர்ந்தவன் ஒருவன் உண்டு என்னும் நினைவு. தாழ இறங்குகையில், தாழ்வுகள் யாவற்றினின்றும் தூயவன் அவன் என்னும் நினைவு. இந்நினைவு நெஞ்சில் இருப்பவனின் கை முறுக்குப்பிடியை வரம்பு மீறித் திருகுமா?

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து மக்கள் வெள்ளம் திரும்பிற்று. ஒட்டகங்களை அடித்து விரட்டும் கூச்சல் பின்னால் எழுந்ததைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அமைதியைக் கடைப்பிடிக்குமாறும், விரைந்து ஓட்டுவதில் புண்ணியம் இல்லை என்றும் அறிவுறுத்தினார்கள். நெரிசலில் மெல்லச் சென்றார்கள். வெட்டவெளி கிடைத்தபோது சற்று விரைந்தார்கள். அன்று அவர்களுடைய வாகனத்தின் பின் இருக்கையில் அமர்ந்து வந்தவர் யார் தெரியுமா? குலப்பெருமை மிக்க தலைவர் எவரும் அல்லர்; அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற்ற ஸைத் (ரலி) அவர்களின் மகனார் உஸாமா (ரலி) அவர்கள்!

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ள வேண்டும் என்பது நபிவழி. ஆனால் அத்தலைவர் எங்கே செல்ல வேண்டும்? அண்ணலார் (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வருவார்கள் என்றும், தளர்ந்தவரை முன்னே நடத்தி, நடக்க இயலாதவரைத் தம் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காகப் பிரார்த்திப்பார்கள் என்றும் அபூதாவூதில் வரும் அறிவிப்பு காட்டுகிறது. இளைஞர்களே! உங்கள் கூட்டத்தில் முதலில் உச்சியை அடைபவர் தலைவர் அல்லர். பழகாத கையால் அஞ்சி அஞ்சி ஓட்டிவரும் கடைசி நண்பனுக்குப் பின்னால் தம் வண்டியைச் செலுத்துபவரே தலைவர்.

நண்பனிடம் அன்பு காட்டுவது எளிது. இயல்பாகவே அவன்பால் உள்ளம் சாய்கிறது. பத்து நண்பர்கள் கூடிவிட்டால் தங்களுக்குள் அளவற்ற அன்பு பாராட்டுவார்கள். ஆனால் அக்கூட்டத்திற்கு வெளியே இருப்பவர் அவர்கள் கண்ணுக்கே படமாட்டார். திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 36-ஆம் வசனம், உறவினர்க்கும் அநாதைகளுக்கும் வறியவர்க்கும் அண்டை வீட்டார்க்கும் நன்மை செய்யப் பணிக்கும் இடத்தில், பக்கத்தில் இருக்கும் தோழரைச் சொல்லி, அதை அடுத்தே வழிப்போக்கரையும் சொல்கிறது. தோழருக்குச் செய்வதோடு நின்றுவிட்டவர் அக்கட்டளையில் பாதி வழியில் நின்றுவிட்டவரே ஆவார்.

வழிப்போக்கருக்கு ஏன் இத்தனை சிறப்பு? ஸகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்று அத்தவ்பா அத்தியாயம் 60-ஆம் வசனம் வகுத்துள்ளது. தன் ஊரில் செல்வம் உள்ளவனாயினும், வழியில் கைப்பொருள் இழந்து தவிப்பவனுக்கு ஊர் சேரும் அளவுக்கு ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று சட்ட அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளனர். வழியில் எவரும் ஏழையே! மாடமாளிகை உடையவனும், மூடுபனி சூழ்ந்த இரவில் டயர் பஞ்சராகி, செல்போனும் அணைந்து, கல்லட்டி வளைவில் நிற்கும்போது ஏழைதான். அவனை அவ்விடத்தில் காக்கக்கூடியது அவன் செல்வம் அன்று. அவ்வழியே வரும் அந்நியர் ஒருவரின் இரக்கமே.

2018 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து சுற்றுலா வந்த எழுவர் சென்ற கார் அக்கல்லட்டிப் பாதையில் பள்ளத்தில் உருண்டது. ஏறத்தாழ இரண்டு நாள்கள் எவர் கண்ணிலும் அது படவில்லை. தேடிக் கண்டபோது ஐவர் இறந்திருந்தனர். இருவர் உயிரோடு மீட்கப்பட்டனர். பக்கத்தில் சாலை இருந்தது, வாகனங்களும் சென்றுகொண்டிருந்தன. ஆயினும் பள்ளத்தில் கிடந்தவர்கள் தனித்தே கிடந்தனர். மலையில் ஒரு தடுப்புச்சுவர் உடைந்திருக்கக் கண்டால், ஒரு கணம் நின்று எட்டிப் பார்ப்பதும் இறை வணக்கமே என்று நாம் துணிந்து கூறலாம்.

அதே நீலகிரி நமக்கு மற்றொரு பாடமும் கற்பித்திருக்கிறது. 2021 டிசம்பர் 8-ஆம் நாள் நண்பகலில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பதினால்வரை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த ஹெலிகாப்டர், குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரம் என்னும் சிற்றூரின் அருகே விழுந்து தீப்பற்றியது. ஓடிவந்தவர்கள் அவ்வூர் எளிய மக்கள். விழுந்தவர் யார், எந்த மதத்தவர், எம்மொழியினர் என்று அவர்கள் அறியார். கையில் கிடைத்த பாத்திரங்களில் தண்ணீர் கொண்டுவந்து நெருப்பின்மேல் ஊற்றினர். மலைக் குளிருக்குத் தாங்கள் போர்த்தும் கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். பின்னர் இராணுவ உயரதிகாரிகள் அவ்வூருக்கே வந்து நன்றி கூறி, ஓராண்டுக் காலம் அச்சிற்றூரைத் தத்தெடுத்து மருத்துவ உதவி செய்வதாக அறிவித்தனர்.

சத்திரம் என்னும் சொல்லுக்கு வழிப்போக்கர் தங்கும் இடம் என்பதே பொருள். வானத்திலிருந்து விழுந்த வழிப்போக்கருக்கும் அவ்வூர் சத்திரமாகவே விளங்கிற்று! தண்ணீர்ப்பந்தலும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் வழியெங்கும் அமைத்த தமிழ் மண்ணின் பண்பு அது. முஸாபர்கானாக்களைக் கட்டி வைத்த நம் முன்னோரின் பண்பும் அதுவே.

இத்தகைய மக்கள் வாழும் மலைக்கு விருந்தாளியாகச் செல்லும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? பாதையோரம் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூறினார்கள். தவிர்க்க இயலாது என்று அவர்கள் கூறியபோது, அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடப் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் உரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவையே அவ்வுரிமைகள் என விளக்கமும் தந்தார்கள்.

இவற்றை நீலகிரிச் சாலையில் பொருத்திப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்களை, அவர்கள் சம்மதம் கேளாமல் கேமராவில் பிடிப்பது பார்வையைத் தாழ்த்துவதாகுமா? அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். நம் தாயும் தமக்கையும் போன்றவர்கள். அவர்களுள் பலருடைய குடும்பங்கள் 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவை. அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப் பெற்றது. தலைமுறை தலைமுறையாகப் பயணத்தின் துயரை அறிந்தவர்கள் அவர்கள். சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, பகல் முழுதும் உழைத்துக் களைத்தவர்கள் உறங்கும் லயத்து வீடுகளின் வழியே நள்ளிரவில் உறுமிக்கொண்டு போவது அவர்களுக்குத் துன்பம் தராதிருத்தல் ஆகுமா?

நீர்த்துறையிலும், நடைபாதையிலும், மக்கள் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். சோலைக்காட்டின் ஓரத்தில் உடைத்து எறிந்த கண்ணாடிப் புட்டி யானையின் காலையும் கிழிக்கும், விறகு பொறுக்க வரும் ஏழையின் காலையும் கிழிக்கும். இம்மாவட்டத்தில் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. அத்தடை இல்லாவிடினும் ஈமான் கொண்டவனுக்குத் தடை உண்டு.

உபரியான வாகனம் வைத்திருப்பவர் அதை வாகனம் இல்லாதவருக்கும், உபரியான உணவு வைத்திருப்பவர் அதை உணவு இல்லாதவருக்கும் கொடுத்து உதவட்டும் என்னும் கருத்தமைந்த நபிமொழியை அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இன்றைய பயணியின் உபரி எது? ஒரு குப்பித் தண்ணீர், பஞ்சர் ஒட்டும் சாதனம், ஒரு முழக் கயிறு, முதலுதவிப் பெட்டி, 108-க்கு அழைக்க ஒரு செல்போன். காலியான பின் இருக்கையும் உபரியே. ஆனால் ஏறுபவருக்கும் தலைக்கவசம் வேண்டும். உதவி செய்யப்போய் ஓர் உயிரை ஆபத்தில் ஆழ்த்தலாகாது.

நின்று உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமே என அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்திற்கு இன்று இடமில்லை. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-இல் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும், நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. விரும்பாத ஒருவரைப் பெயரும் முகவரியும் கூறுமாறு கட்டாயப்படுத்த முடியாது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. சட்டமே வழிவிட்ட பின்னும் உள்ளம் வழிவிடாதிருப்பது முறையாகுமா?

பெற்றோர்களே! பிள்ளை புறப்படும்போது பணம் போதுமா என்று மட்டும் கேளாதீர்கள். தலைக்கவசம் இருக்கிறதா, இரவு ஓட்டாமல் எங்கே தங்குவாய், வழியில் ஒருவர் கைகாட்டினால் என்ன செய்வாய் என்றும் கேளுங்கள். மலையடிவாரத்திலும் மலைமேலும் உள்ள ஜமாஅத் பெருமக்களே! உங்கள் பள்ளிவாசலின் ஒளூச் செய்யும் இடத்தையும் கழிவறையையும் எம்மதத்து வழிப்போக்கருக்கும் திறந்து வையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியிடம் ஒதுக்குங்கள். வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

பயணம் உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு வேதனை என்றும், வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். வாசலில் ஒரு தாய் காத்திருக்கிறாள். வழியில் நாம் காணும் ஒவ்வோர் அந்நியருக்காகவும் அவ்வாறே ஒரு வாசலில் ஒருவர் காத்திருக்கிறார்.

வழிப்போக்கரின் உரிமையை அறிந்தவர்களாகவும், வழியின் உரிமையைப் பேணுபவர்களாகவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக! சென்றவர் அனைவரையும் நலமே வீடு சேர்ப்பானாக! ஆமீன்.