முன்னால் ஓடுகிறவரே, கொஞ்சம் நில்லுங்கள்!

தொடர் ஓட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்கூல் மைதானம், சுண்ணாம்புக் கோடு, கையில் ஒரு குச்சி... ஸ்காட்லாந்து மலைகளில் நடக்கும் தொடர் ஓட்டத்தில் கோடும் கிடையாது, பாதி இடத்தில் பாதையே கிடையாது. புல், சேறு, பாறை, உச்சியில் மூடுபனி. ஏறி இறங்கி வந்தால்தான் அடுத்தவர் கிளம்ப முடியும்!

பிரிட்டனின் மலை ஓட்டக் கிளப்புகளுக்கென்றே அக்டோபர் மாதத்தில் ஒரு தொடர் ஓட்டச் சாம்பியன்ஷிப் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று இடம் மாறும். அணிக்கு ஆறு பேர், நான்கு கட்டம். முதலும் கடைசியும் தனி ஆள். நடுவில் இரண்டும் ஜோடி. மூன்றாவது கட்டத்து ஜோடிக்கு வழிகூட முன்னால் தெரியாது. கிளம்பும்போதுதான் மேப் கையில் வரும்!

கைதட்டல் எல்லாம் தனியாகப் பாய்கிற புலிகளுக்குத்தான் போகிறது. என்னைக் கேட்டால், மெடல் கொடுக்க வேண்டியது அந்த ஜோடி விதிக்கு. இருவரும் சேர்ந்தேதான் ஓட வேண்டும். கூட்டாளியை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் முன்னே போய்விட முடியாது.

'வேகமாக ஓடுகிறவர் எதற்குக் காத்திருக்கணும்?' என்று கேட்பீர்கள். காரணம், குளிர்.

ஸ்காட்லாந்திலேயே உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். 'இவ்வளவுதானா!' என்று நினைத்துவிடாதீர்கள். 1883 முதல் 1904 வரை அதன் உச்சியிலேயே ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே எடுத்த கணக்குப்படி, வருடத்தின் சராசரி வெப்பமே ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி! அதோடு மழை, ஆளைத் தள்ளுகிற காற்று.

ஓடும்வரை பயமில்லை. உடம்பு அடுப்பு மாதிரி எரியும். கால் பிசகியோ, களைத்துப்போயோ வேகம் குறைந்தால் போச்சு... அடுப்பு தணியும், ஈரச் சட்டையும் காற்றும் இருக்கிற சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பின் உள் வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் அதுதான் 'ஹைப்போதெர்மியா'. முதலில் நடுக்கம். பிறகு பேச்சு குழறும், ஜிப்பை இழுக்க விரல் வராது, கால் தடுமாறும், சும்மா சும்மா எரிந்து விழுவார். நடுக்கம் நின்றால் 'அப்பாடா' என்று இருந்துவிடாதீர்கள். நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தம்!

இதில் பெரிய வில்லங்கம், மூளையும் சேர்ந்தே மந்தமாவதுதான். "எனக்கு ஒண்ணுமில்லை, நீ போ" என்பார். அவர் பேச்சை நம்பவே கூடாது. பக்கத்தில் ஓடுகிற ஆள்தான் அவருக்குத் தெர்மாமீட்டர்.

முதுகுப் பையில் தலை முதல் கால் வரை மறைக்கும் மழை உடை, குல்லாய், கையுறை, மேப், திசைகாட்டி, விசில், கொஞ்சம் தின்பண்டம் எல்லாம் இருக்க வேண்டும் என்பதும் இந்த ஓட்டங்களில் வழக்கம். சோதித்துப் பார்ப்பார்கள். 'சுமை இல்லாவிட்டால் இரண்டு நிமிஷம் மிச்சமாகுமே' என்று முணுமுணுப்பவர்கள் மேல் எனக்கு இரக்கமே கிடையாது.

தொடர் ஓட்டத்துக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. தனிப் போட்டியில் முடியாவிட்டால் விலகிவிடலாம். நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். இங்கே, 'கீழே மற்றவர்கள் காத்திருக்கிறார்களே' என்ற கூச்சமே ஆளை மேலே மேலே இழுத்துப் போகும். அதனால் அணித் தலைவர் ஓட்டத்துக்கு முன்பே, "முடியலைன்னா திரும்பி வந்துடு, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'அது அவர்களுக்கே தெரியுமே' என்று விட்டுவிடக் கூடாது. பாதியில் விலகுகிறவர் அமைப்பாளர்களிடம் சொல்லிவிடவும் வேண்டும். இல்லையென்றால் அவரைத் தேடி இருட்டில் பத்து பேர் மலை ஏறுவார்கள்.

கூட வருபவருக்குக் குளிர் தாக்கினால், முதலில் காற்றுப்படாத இடத்தில் உட்கார வையுங்கள். ஈர உடையை மாற்றி, தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். பிராந்தி கூடவே கூடாது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, மிச்சச் சூடும் வெளியேறிவிடும். அங்கே 999-ஐ அழைத்து, முதலில் போலீஸையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும்.

உங்கள் பிள்ளை கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ படிக்கிறானா? "ஞாயித்துக்கிழமை மலை ஏறப் போறேம்மா" என்று போனில் சொன்னால், 'சாப்பிட்டியா'வுக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "யாரோட போறே? பையில என்ன வச்சிருக்கே?"