அருவியை வீழ்ச்சியாக்கியவர் யார்?

திண்டுக்கல் - திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் உள்ள அய்யலூரில், 'வீழ்ச்சி' என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கேட்டால் எந்த உழவரும் தயங்கார். தக்காளிச் சந்தைக்குச் சுமந்து வந்த காய்க்குப் பறிகூலியும் தேறாத நாளே அவர்க்கு வீழ்ச்சி. நாளிதழ்களும் அதனை 'விலை வீழ்ச்சி' என்றே எழுதுகின்றன. அரசு கவிழ்ந்தால் வீழ்ச்சி. குடி கெட்டால் வீழ்ச்சி. கேட்டைக் குறிக்க வழங்கும் அச்சொல்லையே, மலை குளிர மழை பெய்த நாளில் பாறைமேல் ஆர்த்து இழியும் நீருக்குஞ் சூட்டி, 'நீர்வீழ்ச்சி' என்று ஊர்தோறும் பலகை எழுதி நட்டிருக்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளும் அதனையே நல்ல தமிழென்று எண்ணி எழுதுகின்றனர். 'பால்சு' என்னும் ஆங்கிலத்திற்கு இது மேலன்றோ என்பார் சிலர். மேலாகுமா என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'நீர்வீழ்ச்சி'யில் வடவெழுத்து ஒன்றும் இல்லை. நீரும் தமிழ், வீழ்ச்சியும் தமிழ். அதனாலேயே தனித்தமிழ் அன்பரும் அதனை ஐயுறாது ஆள்கின்றனர். மறைமலையடிகள் 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய காலத்தில் எதிரே நின்றது மணிப்பவழ நடை. அதில் அயற்சொல் தன் முகத்தை மறைக்கவில்லை. பார்த்த அளவில் பிடித்துக் களையலாம். இதுவோ தமிழாடை உடுத்து வந்த அயல். ஆங்கிலர் தம் மொழியில் நீரையும் விழுதலையும் ஒட்டி ஆக்கிக்கொண்ட பெயரை எழுத்துப் பிசகாமல் பெயர்த்துக்கொண்டு, ஈராயிரம் ஆண்டாய் வழங்கிவரும் அருவியைக் கைவிட்டது எந்த அறிவுடைமை? அண்டை மலையாளத்தில் அருவி என்பது சிற்றோடையைக் குறிக்கும். உயரத்திலிருந்து இறங்குவதை அவர்கள் 'வெள்ளச்சாட்டம்' என்பர். சாட்டம் என்றால் குதிப்பு. அவர்கள் தம் நீரைக் குதிக்க விட்டனர். தமிழரோ விழ விட்டனர்.

இந்நோய் எங்கிருந்து தொற்றிற்று என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, தேனருவி, புலியருவி என மக்கள் இட்ட பெயர்கள் இன்றும் அசையாமல் நிற்கின்றன. தேனி மாவட்டத்துச் சுருளியும் கும்பக்கரையும் அருவிகளே. திண்டுக்கல் மாவட்டத்திலேயே, வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானல் ஏறுவோர் தொலைவில் காணும் 297 மீட்டர் உயர நீர்க்கோட்டை ஊரார் எலிவால் அருவி என்கின்றனர். அதே சாலையில் இன்னும் மேலே ஏறினால், ஆங்கிலர் 'சில்வர் காசுகேடு' என்று பெயரிட்டது 'வெள்ளி நீர்வீழ்ச்சி'யாய் நிற்கிறது. கோத்தகிரிப் பக்கம் 'கேத்தரின் நீர்வீழ்ச்சி'. வெயிலுக்கு ஒதுங்க வெள்ளையர் ஏறிய மலைகளில் அருவி வீழ்ச்சியாயிற்று. அவர் கைபடாத இடங்களில் பிழைத்துக்கொண்டது. விலக்குகள் சில உண்டு. ஆயினும் போக்கு இதுவே.

ஒரு சொல் போனால் என்ன என்று கேட்பவர் மழைக்காலத்தில் அய்யலூர் மலைப்பக்கம் ஒரு பகல் நடந்து பார்க்கட்டும். அகப்பொருள் இலக்கணம் குறிஞ்சிக்கு அருவியையும் சுனையையும் வகுத்தது. பாலைக்கு வற்றிய சுனையையும் கூவலையும் வகுத்தது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் உண்மை. அதனைக் கண்ணாற் காண்பதற்கு இம்மலைகளை ஒத்த இடம் அரிது. துலை, நளித் திங்கள்களில் (ஐப்பசி, கார்த்திகை) முகில் கவிந்து பெய்தால், உசிலும் வேலும் காரையும் சூரையும் அடர்ந்த முட்காட்டின் நடுவே ஓடைகள் விழிக்கும்; பாறைச்சரிவில் வெள்ளைக் கோடுகள் தோன்றும். விடியலில் புறப்பட்டு, ஆட்டுத்தடம் பற்றி ஏறி, ஓடைக்கல் தாண்டி, அருவி அடியில் கட்டுச்சோறு உண்டு, பொழுது சாயுமுன் இறங்கிவிடலாம். பெருமலை ஏறிப் பழகியவர்க்கே உரியதன்று. பள்ளி மாணவரும் முயலத்தக்க நடையே. மழை ஓய்ந்த சில கிழமைகளில் கோடுகள் மெலியும். வேனிலில் அதே தடத்தில் சென்றால் நீர் தேய்த்த பாறையும் அடியில் கலங்கிய குழியுமே எஞ்சும். தமிழர் வாய்மொழியில் அருவி வரும், அருவி வற்றும், அருவி ஆர்க்கும். வீழ்ச்சி ஆர்க்குமா? வீழ்ச்சி வற்றிற்று என்றால் தமிழ்க்காது அதனை நன்மை என்றன்றோ கொள்ளும்!

மலைநடைக்கு இசைவும் விழிப்பும் வேண்டும். 2018 மார்ச்சு 11இல் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 மே 17இல் பழைய குற்றால அருவியில் நொடிப்பொழுதில் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்று உயிர் கொண்டது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைத்தலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். ஓடைநீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அக்கணமே கரையேறுதல் வேண்டும். ஆடு மேய்ப்போர்க்கு இது சொல்லித் தரத் தேவையில்லை.

அய்யலூர்க் காடுகளுக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. இரவில் உலவிப் பூச்சிகளைத் தின்று உழவர்க்குத் துணைநிற்கும் தேவாங்குக்கென்று, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் 2022 அக்டோபரில் தமிழ்நாட்டரசு ஒரு காப்பிடம் அமைத்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கு அமைந்த முதற் காப்பிடம் அது. பாராட்டத்தக்க செயல். ஆனால் அதற்கு இட்ட பெயர் 'கடவூர் தேவாங்கு சரணாலயம்'! புகலிடம் என்னும் சொல் தமிழில் இல்லாமற் போயிற்றா? 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளை மக்களுக்குத் திறந்த அதே அரசு, அத்திட்டத்திற்கு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று பெயர் வைத்தது. தமிழ்நாடு என்னும் பெயருக்காக 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். அப்பெயரின் முன்னே ஆங்கிலச் சொல் ஒன்று காவல் நிற்கின்றது.

காட்டுக்குள் இன்னும் பலகை ஏறாத பெயர்கள் உண்டு. எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, எந்த ஓடை எந்தக் குளத்துக்குப் போகும் என்பதை அங்குள்ள ஆயர் பெயர் சொல்லியே காட்டுவர். அவருடைய பிள்ளைகள் ஆலைக்கும் நகருக்கும் போய்விட்டனர். வியாழன்தோறும் கூடும் அய்யலூர் ஆட்டுச்சந்தைக்கு வரும் முதியவர்களோடு அப்பெயர்கள் மறைந்தால், நாளை அங்கே நடப்படும் பலகைகளில் 'வியூ பாயிண்ட்' என்றும் 'நீர்வீழ்ச்சி' என்றுமே இருக்கும்.

தனித்தமிழ் உணர்வாளர் நாற்காலியில் அமர்ந்து வடவெழுத்தைத் தேடிக் களைவதோடு நின்றுவிடுகின்றனர். வடமதுரை, வேடசந்தூர், நத்தம் பகுதி மன்றங்கள் வரும் நளித் திங்களிலேயே இதனைத் தொடங்கலாம். காட்டுத்துறை அலுவலரிடம் எழுத்தில் இசைவு பெற்று, ஊர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாய்க் கொண்டு, மாணவரை அழைத்துச் செல்லலாம். ஓடை, சுனை, பாறை, மரம் ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் ஒலிக்கும்படியே எழுதிக்கொள்ளல் வேண்டும். அப்பட்டியலின் ஒரு படி அகரமுதலித் திட்ட இயக்ககத்திற்கும், மறுபடி மாவட்ட ஆட்சியர்க்கும் செல்லட்டும். பலகை எழுதும்போது பட்டியலைப் பார்த்து எழுதுமாறும், 'நீர்வீழ்ச்சி' என்றிருக்கும் இடமெல்லாம் 'அருவி' என்று மாற்றுமாறும் அதனுடன் ஒரு வேண்டுகையும் இணைக்கப்படட்டும்.