மேல்கட்டிலும் மின்விசிறியும்

ஓரிக்கையில் தறி போட்ட வீடென்றால் வெளிச்சமான இடம் தறிக்குத்தான். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது சின்ன அறை. அங்கே அடுக்குக் கட்டில் வாங்க நினைப்பது நியாயமே.

ஆனால் கடையில் பலரும் பார்ப்பது நிறத்தையும் விலையையும். முதலில் பார்க்க வேண்டியது வீட்டு மின்விசிறியை! மேல்தட்டில் எழுந்து நிற்கும் பிள்ளை கை தூக்கினால் இறக்கை எட்டுமா? எட்டுமென்றால் சுவர் விசிறி மாட்டும்வரை அந்தக் கட்டில் வேண்டவே வேண்டாம்.

மெத்தைக்கு மேல் தடுப்பு குறைந்தது 5 அங்குலம் உயர வேண்டும் என்பது அமெரிக்க விதி. புதிதாக அடைத்த இலவம்பஞ்சு மெத்தை புஸ்ஸென்று உப்பியிருக்கும். அதைப் போட்டால் பாதித் தடுப்பு மறைந்துவிடும். மெத்தையின் கனத்தை அளந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

6 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கீழ்த்தட்டுதான், எவ்வளவு அடம்பிடித்தாலும்.