கோடும் பாம்பும்

கண்டி – பேராதனை வீதியில், அகன்ற இரட்டைக் கோடு தீட்டி, நாகப்படம் ஒட்டி, புகைக்குழாயை அகட்டிய சிறு கார்கள் உறுமிச் செல்வதைக் காண்கிறோம். அவற்றை உடையோர் தம்மை அமெரிக்கரான கரோல் ஷெல்பியின் வழிவந்தோராகக் கருதுகின்றனர். அன்னார் ஷெல்பியை அறியார் என்பதே எம் வாதம்.

1965இல் போர்ட் மஸ்டாங் காரை ஜீ.டி.350 ஆக்கியபோது, ஷெல்பி 271 குதிரைவலுவை 306 ஆக உயர்த்தியது மெய். அவ்வளவில் நின்றாரா? முன்சில்லுகளுக்குத் தட்டு பிறேக்கும், பின்சில்லுகளுக்கு அகன்ற பிறேக்கும், வலிய அதிர்வடக்கிகளும் பூட்டினார், பின்னிருக்கையையே கழற்றிவிட்டார். கூரைமேல் ஓடும் கோடுகளோ, கேட்டோர்க்கு மட்டுமே தீட்டப்பட்டன!

நம்மவர் பின்பற்றுவது 1978இல் போர்ட் கம்பனி விற்ற 'கிங் கோப்ரா'வை. எஞ்சின் மூடியில் பெரும் பாம்பு. உள்ளே ஏறத்தாழ ஐந்து லீற்றர் எஞ்சின். அது ஈன்ற வலுவோ 139. (வலுவை அளக்கும் முறை இடையில் மாறியதென்பது உண்மையே, அதைக் கழித்தாலும் வீழ்ச்சி பெரிது.)

"இளைஞர்தம் ஆசை, விட்டுவிடுங்கள்" என்பர் சிலர். கடுகண்ணாவை இறக்கத்தில் எதிரே வரும் பஸ்ஸில் இருப்போரும் அவ்வாசைக்குப் பங்காளிகளோ? 2025 சனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பொருத்தப்பட்ட மேலதிக அலங்காரங்களைப் பொலிசார் அகற்ற முற்பட்டபோது, சங்கத்தினர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். தேய்ந்த ரயருக்காக அக்குரல் என்றேனும் எழுந்ததுண்டா?

புகைக்குழாய்க்கு இறைக்கும் பணத்தை முதலில் பிறேக்குக்குக் கொடுக்கட்டும். அதன்பின் வேண்டிய பாம்பை ஒட்டிக்கொள்ளட்டும்.