அடுத்த தட்டு எது?

நமது வீட்டில் சென்ற ஒரு மாத காலமாக ஒரு வியாஜ்யம் நடந்து வந்தது. நில வழக்கு அல்ல. பாகப் பிரிவினையும் அல்ல. அடுத்தபடியாக எந்த இசைத்தட்டை வாங்குவது என்பதே வழக்கு. வாதி நமது சகோதரியின் குமாரன், கல்லூரியில் படிக்கிறான். பிரதிவாதி நாம். நீதிபதி ஸ்தானத்தில் வீட்டு எஜமானியம்மாள் வீற்றிருந்தபடியால், கடல் கடந்து வரும் ஒரு தட்டுக்கு 3000, 4000 ரூபாய் கொடுப்பது நியாயமா என்ற பூர்வாங்க ஆட்சேபமே முதல் பத்து நாட்களைத் தின்றுவிட்டது.

"இருக்கிற இரண்டு தட்டையும் முழுக்கக் கேட்டாகிவிட்டதா?" என்று அம்மாள் கேட்டாள்.

கேட்டாகிவிட்டது என்று சொன்னோம். இது பூரண உண்மையன்று. ஆயினும் இந்த வருஷத்துக்கு ஒரே ஒரு தட்டு வாங்கிக் கொள்ளலாம் என்ற உத்தரவு கிடைத்தது. சங்கடம் அப்போதுதான் ஆரம்பமாயிற்று. பத்து தட்டு வாங்கலாம் என்றால் ஒன்று தவறிப் போனாலும் பாதகமில்லை. ஒன்றுதான் என்றால், தவறாகத் தேர்ந்தெடுத்தவனுடைய முகத்தை வருஷம் முழுவதும் மற்றவர்கள் பார்த்துக் கொண்டிருப்பார்கள் அல்லவா?

எந்தச் சங்கீதத்தைப் பற்றி இவ்வளவு அமர்க்களம் என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்காவின் ஜாஸ் சங்கீதத்தில் 'ஹார்ட் பாப்' என்று ஒரு மார்க்கம் உண்டு. 'பாப்' என்றதும் இக்காலத்து ஜனரஞ்சகமான பாப் பாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. அது நம் குற்றமன்று. 1940-க்கு அடுத்த வருஷங்களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலிய மேதாவிகள் 'பீபாப்' என்ற அதிவேகமான, சிக்கலான வாசிப்பை உண்டாக்கினார்கள். வித்வான்கள் பிரமித்தார்கள், ஆடி மகிழ வந்த ஜனங்களோ கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். பிறகு 1950-க்கு மேல், பிலடெல்பியாவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்த கறுப்பு இன வாலிபர்கள், அந்தச் சிக்கலான வித்தையை விடாமலே, தங்கள் தாய்மார் தேவாலயத்தில் பாடிய பாட்டின் உருக்கத்தையும், 'ப்ளூஸ்' என்னும் துயரப் பாட்டின் கனத்தையும் அதில் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதுவே ஹார்ட் பாப். 1955 முதல் 1965 வரையில் அதன் பொற்காலம்.

பெரும்பாலும் ஐந்து பேர் வாசிப்பார்கள். டிரம்பெட்டும் ஸாக்ஸபோனும் சேர்ந்து மெட்டை ஒரு முறை சொல்லும். அப்பால் ஒவ்வொருவராக அதே அமைப்பின் மேல் மனோதர்மமாக வாசித்துவிட்டு, கடைசியில் எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை நிரவல் செய்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இங்கே அஸ்திவாரம் ராகமல்ல. வரிசையாக மாறிக் கொண்டே செல்லும் ஸ்வரக் கூட்டங்கள். இதை மட்டும் மனத்தில் வைத்துக் கொண்டால் போதும்.

நம்மிடம் இருந்த தட்டுகள் இரண்டும் பிரசித்தி பெற்றவை. ஒன்று ஆர்ட் ப்ளேக்கியும் அவருடைய 'ஜாஸ் மெஸெஞ்ஜர்ஸ்' கோஷ்டியும் 1958-ஆம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி வாசித்த 'மோனின்'. மற்றொன்று ஜான் கோல்ட்ரேன் 1957 செப்டம்பர் 15-ந் தேதி வாசித்த 'ப்ளூ ட்ரெயின்'. முதல் தட்டில் பாபி டிம்மன்ஸ் இயற்றிய முதல் உருப்படி இருக்கிறதே, அதில் பியானோ ஒரு வாக்கியத்தைச் சொல்கிறது. மற்ற வாத்தியங்கள் இரண்டே ஸ்வரத்தில், தேவாலயத்துச் சபையார் "ஆமென்" என்பது போல, பதில் சொல்கின்றன. நம் வீட்டில் சங்கீதம் என்றாலே எழுந்து போய்விடும் கிழவர் ஒருவர் கூட அந்த இடத்தில் தலையை அசைத்ததை நாம் கண்ணால் கண்டோம்.

இரண்டையும் வெளியிட்டது 'ப்ளூ நோட்' கம்பெனி. ஹிட்லருடைய ஜெர்மனியை விட்டு வந்த பெர்லின் நகரவாசிகளான ஆல்பிரட் லயன், பிரான்ஸிஸ் வுல்ப் என்ற இரு நண்பர்கள் நடத்திய சிறு ஸ்தாபனம் அது, 1939-இல் ஆரம்பமானது. ஒலிப்பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். அவருடைய ஜீவனத் தொழில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது! நியூ ஜெர்ஸியில் ஹாக்கென்ஸாக் என்ற ஊரில், தம் பெற்றோர் வீட்டுக் கூடத்திலேயே ஒலிபெருக்கிக் கருவிகளை வைத்து, 1959 வரையில் இந்த மகத்தான வாசிப்புகளையெல்லாம் பதிவு செய்தார். அதற்கப்புறந்தான் எங்கிள்வுட் க்ளிப்ஸில் தனியாக ஒரு கட்டடம் கட்டிக் கொண்டார். இன்னொரு விசேஷம்: பதிவுக்கு முன் ஒத்திகை பார்ப்பதற்கும் ப்ளூ நோட் முதலாளிகள் வித்வான்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இது ஊரில் நடவாத காரியம். ஐந்து பேரும் மெட்டை ஒரே மூச்சாக எடுக்கும்போது அந்தச் சம்பளம் வீண்போகவில்லை என்று தெரிகிறது.

நிற்க. அடுத்த தட்டுக்கு நாம் ஒரு சூத்திரம் வகுத்திருந்தோம். தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் வாசித்தவர்களின் பெயர்கள் இருக்கும். முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று வாசித்தவர்களில் யார் நம் மனத்தைப் பறித்தாரோ, அவர் இருக்கும் வேறு தட்டை வாங்குங்கள். இந்த வித்வான்கள் ஒருவர் தட்டில் மற்றொருவர் வாசித்து ஓயாமல் மாறிக் கொண்டிருந்தவர்கள். ஆகையால் இந்த வழியில் போனால் ஊர் முழுவதும் சுற்றி வந்துவிடலாம். பத்திரிகைகளில் வரும் 'சிறந்த நூறு தட்டுகள்' என்ற ஜாபிதாவைவிட இது மேல் என்பது நம் அபிப்பிராயம்.

இந்தச் சூத்திரத்தையே மருமான் நம்மீது பிரயோகித்தான்.

"மாமா! நம்மிடம் இருக்கிற இரண்டு தட்டிலும் டிரம்பெட் வாசிக்கிறது லீ மார்கன்தானே? அப்படியானால் அவருடைய 'ஸைட்வைண்டர்' தட்டைத்தான் வாங்க வேண்டும். நீங்கள் சொன்ன சட்டப்படியே!"

நாம் சிறிது நேரம் வாயடைத்துப் போனோம். பையன் சொன்னது மெய். ப்ளூ ட்ரெயினில் வாசிக்கும்போது மார்கனுக்கு வயது 19, மோனினில் 20. இரண்டிலும் இளமையின் கர்வம் ததும்புகிறது. 1963 டிசம்பர் 21-ந் தேதி அவர் பதிவு செய்த ஸைட்வைண்டர், சின்னக் கம்பெனியான ப்ளூ நோட் அதுவரை கண்டிராத விற்பனையைக் கண்டது. பில்லி ஹிக்கின்ஸ் என்பவரின் தாளத்தில் அந்த முதல் உருப்படி குலுங்கிக் குலுங்கி நடக்கும் அழகை நாமும் ரஸித்தவர்கள்தான். 1972-இல், 33 வயதில், நியூயார்க் விடுதி ஒன்றில் கச்சேரிக்கு நடுவே தம்முடன் வாழ்ந்த பெண்மணியின் துப்பாக்கிக்கு அவர் இரையானார். அதை நினைத்துக் கொண்டு கேட்டால் மனம் இன்னும் கலங்கும்.

இருந்தாலும் நாம் விட்டுக் கொடுக்கவில்லை. ஸைட்வைண்டரின் வெற்றிக்குப் பிறகு பல தட்டுகளின் முதல் உருப்படியும் அதே நடையில், அதே குலுக்கலில், மறுபடி ஒரு விற்பனையை எதிர்பார்த்து அமைக்கப்பட்டன. அது மார்கனுடைய பிழை என்று சொல்வதற்கில்லை. நம்முடைய வாதம் வேறு. ப்ளூ ட்ரெயினில் மூன்று ஊது வாத்தியங்கள், மோனினில் இரண்டு, ஸைட்வைண்டரிலும் இரண்டு. ஒரே ஒரு ஸாக்ஸபோன், போட்டியில்லாமல், ஆரம்பம் முதல் முடிவு வரை பேசிக் கொண்டு போவதை நம் வீடு இன்னும் கேட்கவேயில்லை. தவிர, உறையின் பின்புறத்தில் மார்கனுடைய பெயர் மட்டுந்தானா இருக்கிறது? மோனினில் ப்ளேக்கி இருக்கிறார். ப்ளூ ட்ரெயினில் பாஸ் வாத்தியம் வாசிக்கும் பால் சேம்பர்ஸ் இருக்கிறார். இந்த இருவரும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் தட்டு ஒன்று உண்டு. 1960-ஆம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி பதிவான 'ஸோல் ஸ்டேஷன்'. பியானோ விண்டன் கெல்லி. ஸாக்ஸபோன் ஹாங்க் மோப்லி.

"மோப்லியா? யார் அவர்?" என்றான் மருமான்.

அந்தக் கேள்வியில்தான் மோப்லியின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. 1930-இல் பிறந்தவர். ஜாஸ் மெஸெஞ்ஜர்ஸ் கோஷ்டி முதன் முதலாகக் கூடியபோதே அதில் இருந்தவர். அவருடைய வாசிப்பு கூச்சலிடாது. காதைத் தேடிக் கொண்டு வந்து அடிக்காது. லெனார்டு பெதர் என்ற விமர்சகர், குஸ்திக்காரர்களைத் தரம் பிரிப்பது போல, இவரை 'நடுத்தர எடை'யின் வீரர் என்று எழுதினார். புகழ்ச்சியாகத்தான் எழுதினார். ஊரார் 'நடுத்தரம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக் கொண்டார்கள். ஒரு பக்கம் கோல்ட்ரேன், இன்னொரு பக்கம் ஸானி ரோலின்ஸ். இரண்டு யானைகளுக்கு நடுவே நின்ற மனிதரின் உயரத்தை யார் அளந்து பார்ப்பார்கள்? 1961-இல் மைல்ஸ் டேவிஸ் கோஷ்டியில் சேர்ந்தார். அங்கே பதிவு செய்த ஒரு தட்டின் தலைப்புப் பாட்டில் இவர் வாசித்த பிறகு, விருந்தாளியாக வந்த கோல்ட்ரேனும் வாசித்தார்! அதைக் கேட்கும்போதெல்லாம் மோப்லியின் பக்கமே நம் மனம் சாய்கிறது.

அந்தத் தலைமுறையில் பலரை ஹெராயின் என்ற விஷம் பற்றிக் கொண்டது. மோப்லியும் அதனால் சிறை கண்டவர். இதோடு நியூயார்க் போலீஸாரின் கெடுபிடி ஒன்று. இரவு விடுதிகளில் வாசிப்பவர்கள் கைரேகை கொடுத்துப் போலீஸாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வழக்கில் மாட்டிக் கொண்டால் சீட்டுப் பறிபோகும். சீட்டு இல்லாதவனுக்கு அந்த நகரத்து விடுதிகளில் பிழைப்பு இல்லை. திருடனைப் போல் ரேகை வைத்துவிட்டு ஒரு சங்கீத வித்வான் மேடை ஏற வேண்டிய இந்த அக்கிரமம் 1967 வரையில் நீடித்தது. மோப்லி பதிவு செய்த வாசிப்புகளில் சிலவற்றைக் கம்பெனியார் வெளியிடாமல் பல வருஷங்கள் அலமாரியில் வைத்திருந்தார்கள். 1966-இல் வாசித்த ஒன்று 1979-இல் வெளிவந்தது. அதற்குள் அவருடைய சுவாசப் பை கெட்டு, வாசிப்பு நின்று போயிருந்தது. 1986-இல், 55 வயதில், கஷ்டத்திலேயே காலமானார்.

இவரைவிட மோசமான கதி டீனா புரூக்ஸுக்கு. அவரும் ஸாக்ஸபோன்காரரே. தலைவராக நின்று நான்கு முறை பதிவு செய்தார். உயிரோடிருந்த காலத்தில் வெளிவந்தது, 1960 ஜூனில் பதிவான 'ட்ரூ ப்ளூ' என்ற ஒன்றுதான். இன்னொன்றுக்கு வரிசை எண் கொடுத்து, உறையும் தயாரித்து, விளம்பரமும் செய்துவிட்டு, தட்டை மட்டும் வெளியிடவில்லை! 1974-இல், 42 வயதில், அவர் மாண்டார். ட்ரூ ப்ளூவை அடுத்த வருஷத்து மனுவில் சேர்த்திருக்கிறோம்.

பழைய மூலத் தட்டுகளைத் தேடும் பிரபுக்கள் இன்று இவற்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். நடுவிலுள்ள காகிதத்தில் கம்பெனியின் விலாசம் எந்தத் தெரு என்று பார்ப்பார்களாம். ஓரத்து மெழுகில், தட்டு அச்சடித்த தொழிற்சாலையின் முத்திரை, காது வடிவத்தில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். தட்டின் காதைத் தேடுவதில் தங்கள் காதை மறந்துவிடாமல் இருந்தால் சரி. நம்மைப் போன்றவர்களுக்கு, கம்பெனியாரே மூல நாடாவிலிருந்து புதிதாக வெட்டி வெளியிடும் மறுபதிப்பு போதும். கைப்பேசியில் இனாமாகக் கேட்கலாமே என்பாரும் உண்டு. கேட்கலாம், பாதியில் யாராவது கூப்பிடுவார்கள்.

கடைசியில் நீதிபதி தீர்ப்புச் சொன்னாள்: "இரண்டு பேரும் சண்டை போட்டது போதும். எது சத்தம் குறைவோ அதை வாங்குங்கள்." வழக்கு நம் பக்கம் ஜயமாயிற்று. சட்ட நுணுக்கத்தால் அல்ல என்பதை ஒப்புக் கொள்கிறோம்.

தட்டு வந்தது. முதல் உருப்படி 'ரிமெம்பர்'. இர்விங் பெர்லின் 1925-இல் மூன்று தட்டு நடையில் அமைத்த பழைய காதல் பாட்டு. மோப்லி அதை நாலு தட்டுக்கு மாற்றி, மாலையில் வீதியில் உலாவப் போகிறவரைப் போல எடுக்கிறார். மோனினில் இடி முழக்கிய ப்ளேக்கியா இவர் என்று சந்தேகம் வரும்படி பின்னால் நடந்து வருகிறார். ஆனால் வாக்கியம் முடியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்னத் தட்டு. மோப்லி சொல்வதை அவர் ஒரு சொல் விடாமல் கேட்டுக் கொண்டிருக்கிறார் என்று அதிலிருந்து தெரிகிறது. மொத்தம் ஆறு உருப்படிகள். நான்கு மோப்லியே இயற்றியவை. 'திஸ் ஐ டிக் ஆப் யூ' என்பதில் கெல்லியின் பியானோ சிரித்துக் கொண்டே ஓடுகிறது. ஒரே நாளில், நால்வர், இவ்வளவையும் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

மருமான் முதல் பக்கம் முடியும் வரையில் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தான். இரண்டாம் பக்கம் ஓடிக் கொண்டிருந்தபோது உறையை எடுத்துத் திருப்பினான்.

"மாமா, இந்த விண்டன் கெல்லி வேறு எந்தத் தட்டிலெல்லாம் வாசித்திருக்கிறார்?"

அம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாம் பதில் சொல்லவில்லை.